ஆண்டு முழுதும் பூக்கும் முற்றம்

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வாசகச் சகோதரி எழுதியிருக்கிறார்: “வண்டியில் விற்க வரும் பூச்செடிகளை ஒவ்வோர் ஆண்டும் வாங்கி வைக்கிறேன். இரண்டு மாதம் பூக்கின்றன. கோடை வந்ததும் கருகிவிடுகின்றன. வீட்டில் ஆடும் உண்டு, சிறு பிள்ளைகளும் உண்டு. எதை நடலாம்?” பல இல்லங்களில் எழும் கேள்வி இது. ஆகவே இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

குறை சகோதரியின் கையில் இல்லை. செடியின் இயல்பிலேயே இருக்கிறது. ஆஸ்டர், பெட்யூனியா போன்றவை ஒரு பருவத்துக்கே வாழ்பவை. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களோ மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருப்பவை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பாலேயே பெய்துவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையே இப்பகுதிக்கு முதன்மையானது. அம்மழையில் வேரூன்றி, கோடையைத் தாங்கிப் பல ஆண்டுகள் வாழும் செடிகளையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே செடி எல்லா மாதமும் பூத்துக் குலுங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். ஒன்று ஓயும்போது மற்றொன்று தொடங்குமாறு நடுவதே சிறந்த வழி.

முறை வைத்துப் பூப்பவை

மல்லிகை மார்ச் முதல் ஜூலை வரை நன்கு பூக்கும். டிசம்பரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்தால் புதுத் தளிர்களில் அரும்பு கட்டும். மல்லிகை ஓயும் காலத்தில் பிச்சி தொடங்கி மழைக்காலம் வரை பூக்கும். மழை நின்று மண் காயத் தொடங்கியதும் காகிதப்பூவின் முறை வரும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடிக்கு மிகுதியாக நீர் ஊற்றினால் இலையே பெருகும். சற்று வாடவிட்டால் பூக்கும். நாம் பூவென்று கருதும் வண்ண இதழ்கள் உண்மையில் இலைகளே. அவற்றின் நடுவே வெண்மையாகத் தெரியும் சிறு குழல்தான் பூ.

செம்பருத்தி, கனகாம்பரம், நந்தியாவட்டை ஆகியவை ஏறக்குறைய ஆண்டு முழுதும் பூப்பவை. செம்பருத்தியில் அடுக்கு வகையைவிட ஒற்றை இதழ்ச் சிவப்பே வலிமையானது. மாவுப்பூச்சி கண்டால் தண்ணீரை விசையாக அடித்துக் கழுவி, வேப்பெண்ணெயில் சிறிது சோப்பு கலந்து தெளிக்கலாம். கனகாம்பரத்துக்கு அரை நிழலும் போதும். மழை மிகுந்தால் மட்டும் பூ குறையும். இட்லிப்பூ கரிசல் மண்ணில் இரும்புச்சத்துக் கிடைக்காமல் மஞ்சளித்துப்போகும். அதைத் தொட்டியில் செம்மண்ணும் மட்கிய எருவும் இட்டு வளர்ப்பது நலம்.

வேலியோரம் மருதாணியை மறவாதீர்கள். வறட்சியைத் தாங்கும், சிறு பூக்கள் மணம் வீசும், பெருநாளுக்கும் திருமணத்துக்கும் இலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆடும் பிள்ளைகளும்

“ஆடு தொடாது, தண்ணீர் வேண்டாம், எப்போதும் பூக்கும்” என்று பலரும் பரிந்துரைப்பது அரளி. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் அதை நடுவதும் இக்காரணங்களுக்காகவே. ஆனால் அரளியின் வேர், இலை, பூ, விதை அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உடையவை. மஞ்சள் அரளியின் விதை மேலும் கொடியது. நின்ற செடியைத் தொடாத ஆடும், வெட்டிப் போட்ட கிளை தீவனத்தோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். காய்ந்த இலையிலும் நஞ்சு நீங்குவதில்லை. குர்பானிக்கென்று அன்போடு வளர்க்கும் ஆட்டையும், கண்டதை வாயில் வைக்கும் குழந்தையையும் எண்ணி, இவ்வீட்டில் அரளி வேண்டாம் என்றே சொல்வோம்.

நித்தியகல்யாணியும் கோடையைத் தாங்கிப் பூப்பதே. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கான மருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. இதனை அறிந்து, சர்க்கரை நோய்க்கும் நல்லதென்று அதன் இலையையும் பூவையும் மெல்லுவோர் உண்டு. அது ஆபத்தானது. ஆலையில் அளந்து செய்யும் மருந்து வேறு. அளவறியாது உண்ணும் இலை வேறு. பிள்ளைகள் எட்டாத இடத்தில் அழகுக்காக வைக்கலாம். நந்தியாவட்டையின் பாலும் கண்ணில் படலாகாது.

செம்பருத்தியையும் காகிதப்பூவையும் ஆடு விரும்பித் தின்னும். அவற்றுக்கு வேலி தேவை.

நீருக்கு வழி

வீட்டில் நால்வர் ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஒளு செய்கிறார்கள் எனக் கொள்வோம். ஒருமுறைக்கு இரண்டு லிட்டர் என்றாலும் நாளொன்றுக்கு நாற்பது லிட்டர் ஆகிறது. சோப்பு கலவாத இந்நீர் சாக்கடைக்குப் போவானேன்? ஒரு சிறு வாய்க்கால் வெட்டிச் செடிகளுக்குத் திருப்பினால், முற்றத்துச் செடிகள் பலவும் கோடையைக் கடந்துவிடும். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையும் சருகும் பரப்பினால் ஈரம் விரைவில் காயாது. தினமும் சிறிது தெளிப்பதைவிட, வாரம் இருமுறை வேர்வரை இறங்குமாறு ஊற்றுவதே மேல்.

அக்டோபரில் முதல் மழை பெய்ததும் ஒன்றரை அடிக் குழி எடுத்து, மட்கிய ஆட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நடுங்கள். முதல் கோடையில் மட்டும் கவனித்துப் பேணினால் போதும். வேர் ஆழ்ந்தபின் அடுத்த ஆண்டிலிருந்து வண்டிக்காரரிடம் செடி வாங்கும் செலவும் மிச்சமாகும்.