கலோரிப் புராணம்

நமது நாட்டில் பழைய புராணங்களின் செல்வாக்கு நாளுக்கு நாள் குறைந்து வருகிறதென்று நாம் சந்தோஷப்பட்டுக் கொண்டிருக்கையில், புதிதாக ஒரு புராணம் வீட்டுக்கு வீடு பாராயணம் செய்யப்பட்டு வருவதைக் காண்கிறோம். பிரசங்கிக்கு மேடை வேண்டியதில்லை, கைப்பேசி போதும். கேட்பவர்களோ பக்தர்களைவிட அதிக பக்தியுடையவர்களாக இருக்கிறார்கள். இதற்குக் கலோரிப் புராணம் என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

ஏகாதசியன்று உலகத்துப் பாவமெல்லாம் சோற்றில் வந்து குடியேறிக் கொள்ளுகிறது, ஆகையால் அன்று சோறு தின்னக் கூடாது என்பது பழைய புராணம். இரவு 8 மணி அடித்தவுடன் உலகத்துக் கொழுப்பெல்லாம் சோற்றில் வந்து குடியேறிக் கொள்ளுகிறது, ஆகையால் சப்பாத்திதான் தின்ன வேண்டும் என்பது புதுப் புராணம். பழைய விரதக்காரர் சோற்றை விலக்கிவிட்டுப் "பலகாரம்" என்ற பெயரால் இட்லியும் தோசையும் அடையும் வயிறு முட்டச் சாப்பிடுவார். அரிசியை ஊறப்போட்டு அரைத்துவிட்டால் பாவம் அதைவிட்டு ஓடிவிடும் போலும்! புது விரதக்காரரோ, "நான் ராத்திரியில் சோறு தொடுவதே இல்லை" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, நாலு சப்பாத்தியைக் குருமாவில் தோய்த்து உள்ளே தள்ளுகிறார். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் இருக்கின்ற கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். 350க்குச் சற்று முன் பின்னாக இருக்கும். கோதுமை மாவில் நார்ப்பொருளும் புரதமும் கொஞ்சம் அதிகம் என்பதை நாம் மறுக்கவில்லை. அகாலத்தில் சாப்பிடுவது சிலருக்குப் பசியையும் தூக்கத்தையும் கெடுக்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் பகலில் ஒரு கலோரி கொடுத்த பருக்கை, விளக்கு வைத்தபின் இரண்டு கலோரி கொடுக்கும் என்று நம்புகிறவருக்கும் ராகுகாலம் பார்க்கிறவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம்.

கலோரி என்பதுதான் என்ன? அது கொழுப்பல்ல, விஷமல்ல, சாப்பாட்டுக்குள் ஒளிந்து கொண்டிருக்கும் பிசாசுமல்ல. அது ஒரு அளவு. முழம், படி, வீசை என்பதுபோல உஷ்ணத்தை அளக்கிற அளவு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற எவ்வளவு உஷ்ணம் வேண்டுமோ அதுவே சாப்பாட்டு விஷயத்தில் நாம் சொல்லும் ஒரு கலோரி. பொட்டலத்தின் மேல் "கிலோ கலோரி" என்று அச்சிட்டிருப்பதும் இதுவே. கிலோ என்ற பேரைக் கண்டு ஆயிரத்தால் பெருக்கிப் பயப்பட வேண்டியதில்லை.

இந்த அளவுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரம் பகுத்தறிவுவாதிகள் பெருமைப்படத்தக்கது. 1782-83ம் வருஷத்துக் குளிர்காலத்தில் பிரான்சு தேசத்து லவாசியே, லாப்லாஸ் என்ற இரு அறிஞர்கள், ஒரு கினிப் பன்றியைச் சுற்றிலும் பனிக்கட்டி வைத்த பாத்திரத்துக்குள் இருத்தி, அதன் உடம்புச் சூட்டால் எவ்வளவு பனி உருகுகிறதென்று நிறுத்துப் பார்த்தார்கள். விளக்கில் திரி எரிவது எப்படியோ அப்படியேதான் உயிருள்ள உடம்பில் மூச்சும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பிறகு 1890களில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்பவர், ஒரு மனிதனையே நாட்கணக்கில் ஒரு சிறு அறைக்குள் குடியிருக்கச் செய்து, அவன் தின்றதையும் கழித்ததையும் அவன் உடம்பிலிருந்து வெளிப்பட்ட சூட்டையும் அளந்தார். கணக்கு ஒத்திருந்தது. உடம்புக்குள் "பிராண சக்தி" என்று கணக்குக்கு அகப்படாத எதுவும் புகுந்து சக்தியைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9 என்று இன்றும் நாம் போடும் கணக்கு அவர் வழி வந்ததே. மது கூட உடம்புக்குச் சூடு கொடுக்கிறது என்று அவர் கண்டு சொன்னபோது அந்நாட்டு மதுவிலக்குப் பிரசாரகர்கள் அவர்மீது பாய்ந்தார்கள். கள்ளுக்கடைக்காரனுக்குச் சாதகம் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடுமா?

இவ்வளவு சிரமப்பட்டுக் கண்ட அளவை நம்மவர்கள் என்ன பாடுபடுத்துகிறார்கள் என்று பாருங்கள். விடியற்காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து தேன் விட்டுக் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடுமாம். எச்சில் பாத்திரத்திலிருக்கும் நெய்ப்பிசுக்கை வெந்நீரும் எலுமிச்சையும் போக்குவதைக் கண்டு வயிற்றையும் ஒரு பாத்திரமென்று நினைத்துவிட்டார்கள். வயிற்றுக்குள் போன நீர் கொழுப்பு இருக்குமிடத்தை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது. ஆகவே கரைக்கப் போன மருந்தே கூட்டிவிட்டு வருகிறது. உடம்புக் கொழுப்பு குறையும்போது எங்கேதான் போகிறது என்று கேட்டால், வியர்வையாய் ஓடுகிறது என்பார் பலர், மலத்தோடு போகிறது என்பார் சிலர். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகி மூச்சு வழியே போகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீராகிறது என்று 2014ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டு எழுதினார்கள். அப்படியானால் பெருமூச்சு விட்டுக் கொண்டிருந்தாலே மெலிந்து விடலாமா என்று ஒருவரும் கிளம்பிவிட வேண்டாம். எரிந்தால்தான் புகை வரும், புகையை விசிறுவதால் அடுப்பு எரியாது.

வெள்ளைச் சர்க்கரை விஷம், கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் அமிர்தம் என்பது மற்றொரு காண்டம். இரண்டும் கிராமுக்குக் கிட்டத்தட்ட 4 கலோரியே. நிறத்தைப் பார்த்து உயர்வு தாழ்வு கற்பிக்கும் புத்தி நம்மவர்க்குச் சர்க்கரையிலும் போகவில்லை. இங்கே மட்டும் கறுப்புக்கு யோகம் அடித்திருக்கிறது என்பது ஒன்றே ஆறுதல்! இதில் சிரிப்பதற்கு இடமில்லாத பகுதியும் உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் "இது கருப்பட்டிக் காப்பிதானே" என்று நாளைக்கு மூன்று வேளை குடித்துவிட்டு, ரத்தத்தில் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று வைத்தியரைக் குறை சொல்லுகிறார்கள். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் எண்ணெய் கிராமுக்கு 9 கலோரிதான். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று கடலை எண்ணெய் டப்பாவின்மேல் எழுதுவது, இந்தக் கத்தரிக்காயில் எலும்பு இல்லை என்று எழுதி விற்பதற்குச் சமானம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருந்ததாகச் சொல்லத்தக்க அளவு இல்லை.

கலோரியே பொய் என்று இதனால் நாம் சொல்ல வரவில்லை. எடை குறைய வேண்டுமானால் செலவைவிட வரவு குறைய வேண்டும்; அதற்கு மாற்றுவழி கண்டவர் எவருமில்லை. ஆனால் அட்டவணையிலுள்ள எண்ணை வேதவாக்காகக் கொள்ளுவதும் தப்பு. பாதாம் பருப்பில் அட்டவணைப்படி இருக்க வேண்டிய கலோரியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு உடம்புக்குச் சேராமலே போகிறதென்று 2012ல் அமெரிக்க விவசாய இலாகா ஆராய்ச்சியில் தெரிந்தது. வரவில் இப்படியென்றால் செலவில் இன்னும் சூட்சுமம் இருக்கிறது. சோற்றைக் குறைத்தால் உடம்பும் செலவைச் சுருக்கிக் கொள்ளுகிறது.

1944-45ல் அமெரிக்காவிலுள்ள மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்பவர், யுத்தத்தில் ஆளைக் கொல்ல மாட்டோம் என்று மறுத்த 36 வாலிபர்களை அவர்கள் சம்மதத்தின்பேரில் ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்து நிறைய நடக்கவும் செய்தார். உடம்பில் நாலில் ஒரு பங்கு போயிற்று. உடம்புச் சூடு குறைந்தது, நாடி தளர்ந்தது, குளிர் தாங்க முடியவில்லை. அதோடு, அவர்களுக்கு வேறு நினைப்பே இல்லாமற் போய்ச் சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல் படிக்கத் தொடங்கினார்கள். இவர்கள் மன உறுதியில்லாதவர்களா? சர்க்கார் கட்டளைக்கே அஞ்சாமல் நின்றவர்கள். ஆகவே, பருத்தவர்களைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று உபதேசம் செய்கின்றவர்கள் இந்தச் சேதியைக் கொஞ்சம் படிக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம். "லங்கணம் பரம ஔஷதம்" என்ற வாக்கியத்தை நம்பி, இன்சுலினோ அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்ளுகிறவர் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று பட்டினி கிடந்தால், சர்க்கரை மட்டுமீறி இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறோம்.

இந்த உபதேசமெல்லாம் யார் தலையில் விடிகிறது என்பதே நமக்கு முக்கியம். பெண்கள் தலையில்தான். பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது, பிள்ளையின் தொந்தி சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்தாலும் அது "வசதியான உடம்பு". பெண் கொஞ்சம் பருமனாக இருந்தாலோ "குறைத்துக் கொள்ளச் சொல்லுங்கள்" என்று நிபந்தனை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் அளவுக்கு மேற்பட்ட எடையுள்ளவர்கள். அதே கணக்கில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்த சோகை. பருமனும் சோகையும் ஒரே ஊரில், பல இடங்களில் ஒரே உடம்பில், எப்படிக் கூடியிருக்கின்றன என்று கலோரிப் புராணிகர்கள் சொல்லட்டும்.

கலோரிக் கணக்கில் இரும்புச்சத்துக்கு இடமில்லை. புரதத்துக்கும் தனிப் பத்தி இல்லை. கறியும் மீனும் முட்டையும் முதல் பந்தியில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடுகின்றன. கடைசியாக உட்காருகிறவளுக்கு மிஞ்சுவது சட்டியடிச் சோறும், குழம்புத் தெளிவும், பிள்ளைகள் மீதம் வைத்ததை "வீணாக்கக் கூடாதே" என்று வழித்துப் போட்டுக் கொள்ளுவதுந்தான். மாதத்தில் அமாவாசை, சஷ்டி, பிரதோஷம் என்று அவள் பட்டினிக்கு நாள் குறித்துக் கொடுப்பது ஐயர். மீதி நாளுக்கு 1,200 கலோரிப் பட்டியல் கொடுப்பது கைப்பேசி. மினசோட்டா வாலிபர்களுக்குப் போட்ட அரைப்பட்டினியைவிட இது குறைவு. சிறு உடம்புக்குத் தேவை குறைவு என்பது வாஸ்தவமே. ஆயினும் சோகை பிடித்த உடம்புக்கு எந்தப் பரிசோதனையும் இல்லாமல் இந்தப் பட்டியலை நீட்டுவது வைத்தியமாகாது. மெலிவதற்கென்று டப்பாவில் அடைத்த மாவை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கின்றவர்களும் இதே வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்கு வீட்டிலுள்ள எல்லோருக்கும் எத்தனை நாளைக்குப் பருப்பும் கீரையும் மீனும் வாங்கலாம் என்று வீட்டுக்காரர் கணக்குப் பார்ப்பதில்லை.

ஆகவே தோழர்கள், வீட்டுப் பெண்ணைப் பார்த்து "நீ ஏன் இப்படிப் பருத்துக்கொண்டே போகிறாய்?" என்று கேட்க வாய் திறக்குமுன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கட்டும். அன்று பகல் ஈரல் வறுவல் யார் இலையில் விழுந்தது என்பதையும் விசாரித்துக் கொள்ளட்டும்.