தராசை இறக்கி வையுங்கள்

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வியாபாரிகள் மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி பஞ்சை எடுத்துப் பிரித்து இழுத்துப் பார்த்து, அதன் ரகத்துக்குத் தக்கபடி விலை வைத்துக்கொண்டிருந்தார்கள். "பார்த்தீர்களா, இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது" என்றவர், அதே மூச்சில் தம் தெருவைப் பற்றி ஆரம்பித்தார். ஒரு வீட்டு அம்மாள் மாதா கோயிலுக்கு நெற்றியில் பொட்டோடு வருகிறாளாம். இன்னொரு வீட்டில் பொங்கலுக்கு வாசல் நிறையக் கோலமாம். மூன்றாவது வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போகிறானாம். "இவர்களெல்லாம் கிறிஸ்தவர்களா, ஐயா?" என்று கேட்டார்.

அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆண்டவன் ஒருவன் இருக்கிறான், அவன் எல்லாம் அறிந்தவன், கடைசியில் நியாயம் தீர்க்கிறவனும் அவனே என்று நம்புகிறவருக்கு இந்த ஒற்றர் வேலை எதற்கு? முதலாளியிடம் நம்பிக்கை இல்லாத குமாஸ்தா அல்லவா கணக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடியும் கூட்டிப் பார்ப்பான்? அடுத்தவர் நெற்றியை ஆராய்வது பக்தியின் மிகுதியால் அல்ல, நம்பிக்கையின் குறைவால். ஆண்டவன் கவனிக்காமல் விட்டுவிடுவானோ என்ற பயம்!

இந்த வழக்கு நம் சேலம் சீமைக்குப் புதிதும் அல்ல. நெற்றிச் சந்தனத்துக்காக ரோமாபுரி வரைக்கும் இழுக்கப்பட்ட ஒரு மனிதர் இந்தப் பக்கமெல்லாம் நடந்திருக்கிறார். இத்தாலியரான ராபர்ட் தெ நொபிலி, அதாவது தத்துவ போதகர், 1606-இல் மதுரைக்கு வந்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். குடுமியும் பூணூலும் சந்தனமும் நாட்டு வழக்கங்கள்தாமே தவிர விக்கிரக ஆராதனை அல்ல என்று வாதித்தார்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் யார்? மதுரையிலிருந்த வைதிகர்களா? இல்லை. அதே சேசு சபையில், அதே ஊரில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியார்! புகார் கோவாவுக்குப் போயிற்று, ரோமுக்குப் போயிற்று. நொபிலியின் உறவினரான கார்டினல் பெல்லார்மின்கூட முதலில் கேள்விப்பட்டதை நம்பி வருத்தப்பட்டுக் கடிதம் எழுதினார். 1619-இல் கோவாவில் கூடிய சபையில் அர்ச்சபிஷப்பே எதிரே நின்றார். கடைசியில், 1623 ஜனவரி 31-ஆம் தேதி, பாப்பரசர் 15-ஆம் கிரகோரி அந்தப் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நிபந்தனைகளோடு அனுமதித்தார். அதே ஆண்டில் நொபிலி வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் 1625-இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். பத்து வருஷத்துக்கு மேல் ஒரு மனிதரை எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுதவே வைத்திருந்தார்களே, அந்தக் காலமெல்லாம் யாருக்கு லாபம்?

கதை எழுதுகிற எனக்கு ஒரு தொழில் ரகசியம் தெரியும். நானே பெற்றெடுத்த பாத்திரம்கூட பத்தாம் அத்தியாயத்தில் என்ன செய்யும் என்று மூன்றாம் அத்தியாயத்தில் எனக்குத் தெரிவதில்லை. ஆண்டவன் படைத்த பாத்திரத்தை எதிர் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து முடித்து வைக்கிறார்! கிறிஸ்தவர்களுக்கு இதில் சாக்குச் சொல்லவும் வழியில்லை. மரக்கறி உண்பவனும் எல்லாம் உண்பவனும் ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம் என்று பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்.

"அப்படியானால் எதையும் கேட்கவே கூடாதா? சாதியைக் கூடவா?" என்று வாசகர்களில் சிலர் கோபிப்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டும், சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும். ஒருவன் தன் நெற்றியில் எதை இடுகிறான் என்பது வேறு. பக்கத்தில் இருப்பவனை எங்கே உட்கார வைக்கிறான் என்பது வேறு. முன்னது அவனுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள விவகாரம். பின்னதில் அடிபட்டவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்காகப் பேசுவது தீர்ப்பிடுவது ஆகாது. சாதிக்கு இடம் கொடுத்த வகையில் நொபிலியின் மீது எனக்கும் வழக்கு உண்டு.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் ஒரு நீண்ட கட்டளை போட்டார். தாலியில் உள்ள உருவம் கூடாது, பெண் பூப்பெய்திய விழா கூடாது, திருநீறு கூடாது என்று அடுக்கிக்கொண்டு போகிற அந்த ஜாபிதாவின் நடுவே ஒன்று: தாழ்த்தப்பட்டவர் வீட்டில் நோயாளி கிடந்தால் குருவானவர் அந்தக் குடிசைக்குள் போய் அவருக்கு அருட்சாதனம் கொடுக்க மறுக்கக் கூடாது. இந்த வழக்கங்களுக்கு எதிராகக் குருமார்கள் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் நீடித்த அந்தப் பிரமாணம் 1940-இல்தான் நீக்கப்பட்டது. குடிசைக்குள் போகச் சொன்ன கட்டளை என்ன ஆயிற்று தெரியுமா? இருக்கிற குருமார்கள் போனால் மற்றச் சாதியார் விலகிவிடுவார்கள் என்றார்கள். 1744-இல் அதற்கென்று தனிக் குருமார்களை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார்கள்.