கணனிப் பக்கம்: மின்தொடுப்பைக் கழற்றியதும் உறைவதேன்?

டண்டினோங் நூலகத்திலிருந்து புகலிட வாக்குமூலத்தைத் தட்டச்சுச் செய்துவந்த அன்பர் ஒருவர் எழுதியுள்ளார். பூட்டும் நேரத்தில் மின்தொடுப்பைக் கழற்றியதும் அவரது பழைய லினக்ஸ் மடிக்கணனி உறைந்துவிட்டது. சேமிக்காத 4 பக்கங்கள் போயின. ஊரில் நடந்ததை மீண்டும் நினைத்தெழுதுவது எத்தகைய வேலையென நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மின்கலத்துக்கு மாறும் கணத்தில் வட்டு, கம்பியில்லா இணைப்பு, செயலி யாவும் சிக்கன நிலைக்கு இறக்கப்படுகின்றன. ஒன்று உடன்படாவிடினும் முழுக் கணனியும் நின்றுவிடக்கூடும். (லினக்ஸுக்கு ஏ.பி.எம். எனும் பழைய மின்மேலாண்மை நிரலை 1994 முதல் எழுதிப் பேணிய ஸ்டீபன் ரொத்வெல் நம் கன்பராக்காரர்.)

முதலில் மின்கலத்திலேயே கணனியை ஆரம்பியுங்கள். தடையின்றி ஓடினால், பழுது பெரும்பாலும் மின்கலத்தில் அன்று, மாற்றத்தில். அடுத்து, ரி.எல்.பி., பவர் புரொபைல்ஸ் டீமன் ஆகிய இரண்டும் உள்ளனவா எனப் பாருங்கள். ஓருறையில் இரு வாள்! ஒன்றை அகற்றுங்கள். பின்னரும் உறைந்தால், பி.சி.ஐ.ஈ. இணைப்புகளை உறங்கவைக்கும் ஏ.எஸ்.பி.எம். வசதியைத் தொடக்கக் கட்டளையில் நிறுத்திச் சோதியுங்கள். மின்கலம் சற்று விரைவில் தீரலாம், தீரட்டும்.

உறைந்ததும் மின்பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஆல்ற், பிரிண்ட் ஸ்கிரீன் விசைகளை அழுத்தியபடி எஸ், யு, பி எனச் சற்று இடைவெளி விட்டுத் தட்டுங்கள். கேர்ணல் உயிருடன் இருந்தால், பல பதிப்புகளில் கணனி வட்டைக் கெடுக்காமல் மீளத் தொடங்கும். சேமிக்காத எழுத்தை இது மீட்காது. லிப்ரே ஒஃபிஸ் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறையே மீட்புப் பிரதி எடுக்கும்; அதை 2 ஆக்குங்கள்.

அன்பர் வழக்கறிஞரைச் சந்திக்க இன்னும் 9 நாட்கள் உள்ளன.