மணியைப் பார்க்கிறோம், திரையைப் பார்க்கிறோமா?

"எவ்ளோ நேரமா அதையே நோண்டிக்கிட்டு இருக்க? வெச்சுட்டு வந்து படி." வீடியோ கேம் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். அதையும் அடுப்படியில் நின்றபடியே முடித்துவிடுகிறோம். எத்தனை மணி நேரம் ஆடினான், கணக்கில் எத்தனை மார்க் குறைந்தது, கண்ணாடி பவர் எவ்வளவு ஏறியது எல்லாம் நமக்கு அத்துப்படி. அந்தத் திரையில் யார் சுடுகிறார்கள், யாரைக் காப்பாற்றுகிறார்கள், அங்கே வரும் பெண் என்ன கோலத்தில் நிற்கிறாள் என்று கேட்டால் முழிப்போம்.

குடும்பத்தோடு படம் பார்க்கையில் ஒரு குத்துப்பாட்டு வந்தால் ரிமோட்டைத் தேடுகிறோம். "போய்த் தண்ணி கொண்டா" என்று பிள்ளையை எழுப்பி அனுப்புகிறோம். அதே பிள்ளையின் கையில் உள்ள கேமில் ஆண் வீரன் தலை முதல் கால்வரை கவசம் மாட்டியிருப்பான். அதே போர்க்களத்துக்கு நீச்சலுடை அளவுத் துணியோடு ஒருத்தி வருவாள். படத்துக்கு இருக்கிற கண்டிப்பு கேமுக்கு ஏன் இல்லாமல் போயிற்று? சத்தம் போடாமல் ஓரமாக உட்கார்ந்து ஆடுகிறான் என்பதாலா?

நமக்கு இது புதிதும் இல்லை. டிவியில் கேசட் செருகி மரியோ ஆடிய தலைமுறைதானே நாம். 1981-இல் வந்த டாங்கி காங்கில் குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும். 1985-இல் வந்த சூப்பர் மரியோவில் இளவரசியைக் கடத்திப் போவார்கள். ஆள் வந்து மீட்கும்வரை காத்திருப்பதுதான் அந்தப் பெண்கள் வேலை. 1986-இல் வந்த மெட்ராய்ட் ஒரு படி மேலே போனது. அவ்வளவு நேரம் கவசத்துக்குள் இருந்து சண்டை போட்டது சாமஸ் என்ற பெண் என்பதைக் கடைசியில் காட்டினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆட்டத்தை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவுக்கு அவள் உடை குறையும். மிக வேகமாக முடித்தவருக்குப் பிகினியில் வந்து நிற்பாள். கெட்டிக்காரத்தனத்துக்குப் பரிசாக அதை வைத்தார்கள். பத்து வயதுப் பையன் இதிலிருந்து எதைப் படித்துக்கொண்டிருப்பான்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் உரக்கக் கேட்டவர் அமெரிக்க விமர்சகர் அனிட்டா சர்கீசியன். கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஒரு வீடியோத் தொடர் எடுக்க 2012-இல் பொதுமக்களிடம் 6,000 டாலர் கேட்டார். ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கூடவே கொலை மிரட்டலும் பாலியல் வன்முறை மிரட்டலும் வந்து குவிந்தன. அவர் முகத்தில் குத்தி ரத்தக் காயம் உண்டாக்கும் ஒரு கேமையே செய்து இணையத்தில் போட்டான் ஒருவன். 2014 அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசுவதாக இருந்தது. துப்பாக்கிச்சூடு நடக்கும் என்று மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. உரிமம் வைத்திருப்பவர் துப்பாக்கியோடு அரங்குக்குள் வருவதை அந்த மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் கூட்டத்தை ரத்து செய்தார்.

இத்தனைக்கும் அவர் எந்தக் கேமையும் தடை செய்யச் சொல்லவில்லை. ரசித்துக்கொண்டே குறையும் சொல்லலாம் என்றார். சில காட்சிகளை முன்பின் இல்லாமல் வெட்டிக் காட்டினார் என்று அவர்மேல் ஒரு குறை உண்டு, அதில் நியாயமும் இருக்கலாம். அதற்குப் பதில் கொலை மிரட்டலா? அந்த மிரட்டலை எழுதியவர்கள் ஆகாயத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. "வீட்டுக்குள்ளயே இருக்கான், ஒரு வம்புதும்புக்கும் போறதில்ல" என்று எந்த அம்மாவோ அப்பாவோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளாகவும் இருந்திருக்கலாம். நாமும் அதைத்தானே சொல்கிறோம்?

ஆணையும்தானே மிகையாகக் காட்டுகிறார்கள் என்று ஒரு வாதம் வரும். உண்மை. மலைபோல் தோளும் இரும்பு வயிறுமாக நிற்கும் நாயகனைப் பார்த்துவிட்டு, மீசை அரும்பாத பையன் கண்ணாடி முன் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறான், புரோட்டீன் பவுடர் கேட்கிறான். "ஆம்பளப் புள்ள, உடம்பத் தேத்தணும்ல" என்று நாமும் வாங்கிக் கொடுக்கிறோம். பெண்ணுக்கு நெருக்கடி வேறு மாதிரி. அந்த ஆண் உருவம் ஆடுகிறவன் தானாக நினைத்துக்கொள்ள வரைந்தது, பெண் உருவமோ அவன் பார்ப்பதற்கென்று வரைந்தது. இரண்டையும் பிள்ளைகள் தலையில் ஏற்றிவிட்டு, "ஏன்டா எரிஞ்சு விழற", "ஏன்டி சாப்பிட மாட்டேங்கற" என்று கேட்டால் அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

இன்னொரு காட்சியும் நமக்குப் பழக்கமானது. அண்ணன் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நண்பர்களோடு ஸ்குவாட் போட்டு ஆடிக்கொண்டிருப்பான். தங்கை ஒரு மேட்ச் கேட்பாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி துப்பாக்கி கேம்? வந்து பூண்டு உரி" என்று உள்ளிருந்து குரல் வரும். மீறி ஆடும் பெண்பிள்ளைகள் ஆண் பெயர் வைத்துக்கொள்கிறார்கள், மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். குரல் கேட்டால் எதிர்முனையில் வரும் பேச்சு அப்படி. ஹெட்செட் போட்டிருக்கும் நம் பையன் அந்தப் பக்கம் என்ன பேசுகிறான் என்று என்றைக்காவது காது கொடுத்திருக்கிறோமா?

2015-இல் அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, டெம்பிள் ரன் போன்ற ஓட்ட கேம்களில் தன்னைப் போன்ற பெண்ணாக ஓட முடியவில்லையே என்று யோசித்தாள். பெற்றோரிடம் அனுமதி வாங்கி, முன்னணியில் இருந்த 50 ஓட்ட கேம்களைப் பதிவிறக்கிக் குறிப்பெடுத்தாள். ஆணா பெண்ணா என்று தெரியும் பாத்திரங்கள் இருந்த கேம்களில் 98 சதவீதத்தில் ஆண் இருந்தான். பெண் இருந்தது 46 சதவீதத்தில். ஆணை இலவசமாகக் கொடுத்தவை 90 சதவீதம், பெண்ணை இலவசமாகக் கொடுத்தவை வெறும் 15. பெண் இருந்த மற்றவற்றில் காசு கட்ட வேண்டும், அல்லது விளையாடிச் சேர்க்க வேண்டும். வாஷிங்டன் போஸ்ட்டில் அவள் எழுதிய பிறகு, டெம்பிள் ரன் செய்தவர்கள் பெண் பாத்திரத்தை இலவசமாக்குவதாக அறிவித்தார்கள். அதே டெம்பிள் ரன்னை நம் பிள்ளைகளும் ஓடித் தேய்த்தார்கள். அழுகிற குழந்தை கையில் போனைத் திணித்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்த்தோம். நம்மில் யாருக்கு இது கண்ணில் பட்டது?

2018-இல் பேட்டில்ஃபீல்ட் 5 வந்தபோது, இரண்டாம் உலகப்போர் கேமின் அட்டையில் பெண் சிப்பாயா என்று ஒரு கூட்டம் கொதித்தது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் அப்போதைய உயர் அதிகாரி பேட்ரிக் சோடர்லுண்ட் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்ததாம். ஃபோர்ட்நைட் கேமில் பெண்கள் இருக்கிறார்களே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவருடைய 13 வயது மகள் கேட்டிருக்கிறாள். நம் வீட்டுப் பையன்களும் அந்த அட்டையைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதே போரில், 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். தலைவி லட்சுமி சென்னைக்காரர். இதை யார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்?

போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டுவது சுலபம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் மறுநாளே தொடரும். நல்ல கேம்களும் இல்லாமலில்லை. புனேயில் உருவாகி 2020-இல் வந்த ராஜியில், கடத்தப்பட்ட தம்பியை மீட்கப் போகிறவள் அக்கா. 2023-இல் டொராண்டோவில் இருந்து வந்த வெண்பாவின் நாயகி, கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ் அம்மா. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் அதில் புதிர். பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பையனையும் பெண்ணையும் சேர்த்து உட்காரவைத்து ஆடலாம்.

அதற்கும் முன்னால், இன்று ராத்திரி போனை வாங்கி வைக்கும்போது கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல நீ யாரு? அந்தப் பொண்ணு யாரு?" என்று கேளுங்கள். ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். அடுத்த மேட்சைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பூண்டை அண்ணன் உரிக்கட்டும்.