பங்காளிகள் ஏன் சாலையில் உட்கார்ந்தார்கள்?

தொழிலாளரைத் தம் குடும்பத்தாராகவே நடத்துவதாகச் சொல்லாத முதலாளி இந்நாளில் அநேகமாக இல்லை. மாமியாரும் மருமகளைக் குடும்பத்தில் ஒருத்தி என்றுதான் சொல்கிறாள்! ஆகவே அந்த ஒரு வார்த்தையைக் கொண்டு எதையும் நிர்ணயித்துவிட முடியாது.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறி, ஏலத் தோட்டங்களைத் தாண்டிச் சென்றால் மூணாறு. அங்கே 2005-ம் வருஷத்தில் ஓர் அதிசயம் நடந்தது. தேயிலைத் தோட்டங்களை நடத்தும் பொறுப்பிலிருந்து டாட்டா டீ கம்பெனி விலகிக்கொள்ள, கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி என்று புதிதாக ஒன்று ஏற்பட்டது. அதன் பங்குகளில் பெரும்பகுதி அங்கே வேலை செய்பவர்களுக்கே வந்து சேர்ந்தது. கொழுந்து கிள்ளும் பெண்ணும் பங்குதாரர்! இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

பத்து வருஷம் சென்றது. 2015 செப்டம்பரில், போனஸ் 10 சதவிகிதந்தான் என்று தெரிந்ததும், அதே பங்குதாரப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து மூணாற்றுச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்பது அவர்கள் கூட்டத்துக்கு ஏற்பட்ட பெயர். நிர்வாகத்தின்மீது இருந்த கோபத்துக்குச் சற்றும் குறையாத கோபம், தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்ட சங்கத் தலைவர்கள் மீதும் இருந்தது. அவர்களைக் கிட்டவே அண்டவிடவில்லை! முடிவில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவிகிதம் கிடைத்தது. பின்னர் அவ்வருஷமே தேயிலைத் தோட்டத் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.

லாபம் குறைந்தால் பங்குதாரர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அப்பெண்கள் போனஸைப் பற்றி மட்டுமா பேசினார்கள்? ஒற்றை அறை லயத்தில் குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடப்பதையும் அல்லவா சொன்னார்கள்! பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, குறையைச் சொல்லச் சாலைக்கு வரவேண்டியிருந்தது என்றால், அந்தப் பத்திரத்துக்கு என்ன மதிப்பு?

போடிப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் விஷயம் வேறு. இங்கே பங்குமில்லை, பத்திரமுமில்லை. சிறு தோட்டங்கள் ஏராளம். அடிவாரத்து ஊர்களிலிருந்து பெண்கள் விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதல்ல. தூரிலிருந்து கிளம்பி மண்ணையொட்டிக் கிடக்கும் சரத்தில் காய்ப்பது. மழையில் குந்தி உட்கார்ந்து, அட்டைக் கடியையும் சகித்துக்கொண்டு, முற்றின காய் எது, பிஞ்சு எது என்று விரலாலேயே தேர்ந்து பறிக்க வேண்டும். அத்தகைய கைகள் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டால் பிஞ்சும் சேர்ந்து பறிபடும். போடி ஏலத்தில் விலை இறங்கும். பரிவு இல்லாவிட்டாலும் கணக்காவது தெரிய வேண்டாமா?

1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், குழந்தைக் காப்பகம் எல்லாவற்றையும் விதித்தது. ஆனால் 1981-ல் திருத்திய பிறகும் 5 ஹெக்டேர் நிலமும் 15 ஆட்களும் உள்ள தோட்டங்களுக்கே அது செல்லுபடியாயிற்று. அதற்குச் சிறியவை முதலாளியின் மனத்தைப் பொறுத்தவை. அந்த முதலாளிகள் பறிப்புக் காலத்தில் ஒரு நாளாவது, விடியற்காலையில், தம் ஆட்கள் போகும் ஜீப்பின் பின்புறத்தில் ஏறித் தோட்டம்வரை போய்ப் பார்க்கலாம். இடம் கிடைத்தால்!