உயிர் காத்தல் மட்டும் போதுமா?

நோய் தீர்ந்தது என்று நாம் எப்போது சொல்லலாம்? கட்டி மறைந்தபோதா? அன்றி, நோயுற்ற பிள்ளை மீண்டும் ஏட்டைக் கையிலெடுத்துத் தன் தோழரோடு ஒப்பக் கற்கும்போதா? பிள்ளைகளின் மூளையில் உண்டாகும் கட்டிகளைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சியன்று.

சிறுமூளையில் தோன்றும் மெடுலோபிளாஸ்ரோமா என்னும் புற்றுக்கட்டியை 1925இல் அமெரிக்க வைத்தியர்களான பெய்லியும் குஷிங்கும் பெயரிட்டு விளக்கினர். அந்நாளில் அதற்கு ஆளான பிள்ளைகள் பிழைத்தல் அரிது. மூளை முழுவதற்கும் முள்ளந்தண்டு முழுவதற்கும் கதிர்ச்சிகிச்சை அளித்ததனாற் பிள்ளைகள் பலர் பிழைத்தமையை 1953இல் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகர வைத்தியர்கள் வெளியிட்டனர். இன்று சத்திரசிகிச்சை, கதிர், மருந்து ஆகிய மூன்றும் ஒருங்கு சேர, நோய் பரவாத பிள்ளைகளிற் பெரும்பாலோர் உயிர் தப்புகின்றனர்.

ஆயினும், கட்டியை அழிக்கும் கதிர் வளரும் மூளையையும் தீண்டாது விடுவதில்லை. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளாலாகிய வெண்பொருள் அதனால் நலிகின்றது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் சென்றபின், கவனமும் நினைவும் சிந்திக்கும் வேகமும் பின்தங்குகின்றன. பிள்ளையின் வயது குறையத் தீங்கு மிகுகின்றது.

இதனைக் கண்டறியத் துணைபுரிவது காந்தப் பரிவுப் படமுறை. லோற்றர்பர், மான்ஸ்பீல்ட் என்னும் அறிஞர் இருவர் இம்முறைக்காக 2003இல் நோபல் பரிசு பெற்றனர். எக்ஸ் கதிர் இதில் இல்லையாதலின், ஒரே பிள்ளையைப் பன்முறை படம்பிடிக்கலாம். மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பெற்ற செயின்ற் யூட் சிறுவர் வைத்தியசாலையின் ஆய்வாளர், இப்படங்களிலிருந்து வெண்பொருளின் அளவைக் கணித்து, அது குறைந்த பிள்ளைகளின் அறிவுத்திறனும் குறைந்திருத்தலைக் காட்டினர். நரம்பிழைகளின் வழியே நீர் பரவும் திசையை அளக்கும் படமுறையும் பின்னர் வந்து சேர்ந்தது.

கதிரின் அளவைக் குறைத்தால் என்ன என்று கேட்கலாம். மருந்தின் துணையோடு அது 36 கிறேயிலிருந்து 23.4 ஆகக் குறைக்கப்பட்டது. மேலும் 18 ஆகக் குறைத்து இளம்பிள்ளைகளிடத்துச் செய்த சோதனையிலோ நோய் மீளுதல் மிகுந்ததென 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகின்றது. ஆகவே, தீங்கை முற்றும் தவிர்க்க இயலாதவிடத்து, அதனைக் கண்காணித்தல் கடமையாகின்றது. கட்டி மீண்டதா என்று பார்க்க எப்படியும் எடுக்கப்படும் படத்திலேயே, வெண்பொருள் எவ்வாறுள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும் என்பதே எமது கருத்து.

படம் பிள்ளைக்கு நெற்றிப் பட்டமாகிவிடுமே என்பாரும் உளர். அவரது அச்சம் நியாயமானதே. நிழற்படம் ஒன்று மாத்திரம் பிள்ளையின் ஆற்றலை அளந்துவிடாது. உளத்திறன் சோதனையும் ஆசிரியரின் கண்ணும் உடன் வேண்டும். ஆனால், அறியாமையும் ஒரு பட்டத்தைச் சூட்டத்தான் செய்கின்றது. அதன் பெயர் சோம்பேறி.

எனவே, வைத்தியர் கண்டது பெற்றோரின் இசைவோடு பாடசாலைக்கும் எட்டுதல் வேண்டும். பரீட்சையிற் சற்றே மிகுந்த நேரம், முன்வரிசையில் ஓர் இருக்கை, எழுதிக் கொடுத்த குறிப்பு: இவை பெருஞ்செலவானவையல்ல. வைத்தியம் மீட்டுத் தந்த உயிருக்கு வாழ்வைத் தேடிக்கொடுத்தல், கல்விச்சாலையைச் சேர்ந்த நம் அனைவரின் பங்காகும்.