எண்ணூறுக்கு முன்னால் ஒரு மைதானம்

ஹட்டனில் இருக்கும் எங்கள் வாப்பாவின் கடைக்குத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வருபவர்கள் கிரிக்கெட் பேச்சு எடுத்தால், அது கடைசியில் முத்தையா முரளிதரனில்தான் வந்து நிற்கும். "நம்ம முரளி" என்பார்கள். 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள், ஒருநாள் போட்டிகளில் 534 விக்கெட்டுகள். இரண்டிலும் உலகில் அவரே முதலிடம். 2010 ஜூலை 22 அன்று காலியில் தன் கடைசி டெஸ்ட் பந்தில்தான் அந்த எண்ணூறாவது விக்கெட்டை எடுத்தார்.

அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். ஆகவே "நம்ம முரளி" என்பதில் பிழையில்லை. ஆனால் அந்தப் பெருமையில் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம் என்றே நான் நினைக்கிறேன்.

முரளி லயத்தில் வளர்ந்தவர் அல்லர். அவருடைய தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். மகனை ஒன்பது வயதில் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேர்த்தார். அங்கே மைதானமும் பயிற்றுநரும் இருந்தார்கள். முதலில் முரளி மித வேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதில் அவரைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பாடசாலையின் கடைசி இரு பருவங்களில் முரளி நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி, 1990/91இல் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகத் தெரிவானார். 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அணியில் இறங்கிவிட்டார்.

பிறவியிலேயே மடங்கிய முழங்கை அவருடையது. 1995இல் மெல்பேர்னில் நடுவர் அவருடைய பந்துகளை ஏழு முறை 'நோ போல்' என்று அறிவித்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. திறமை அவருடையதுதான். ஆனால் அதைக் கண்டுகொள்ள ஒருவரும், வளர்க்க ஒரு பாடசாலையும், விழும்போது தாங்க ஒருவரும் இருந்தார்கள்.

இப்போது என் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். தரம் எட்டில் நாங்கள் ஒன்றாகப் படித்தோம். அவளுடைய அம்மா கொழுந்து பறிப்பவர். எல்லே விளையாட்டில் அவள் அடித்தால் பந்து பாடசாலை முற்றத்தைத் தாண்டித் தேயிலைக்குள் போய்விடும். நாங்கள் செடிகளுக்கிடையே குனிந்து தேடி முடிப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும். எங்களுக்கு மைதானம் என்று இருந்தது அந்த முற்றம் மட்டுந்தான். வலயப் போட்டிக்குப் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி முடியும் நேரத்தில் அவளுடைய தோட்டத்துக்குப் பஸ் இல்லை. இருட்டில் மலை ஏறி வரவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அந்தத் தாயை யார் குறை சொல்ல முடியும்? சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் அவள் கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் இன்னொரு முரளி ஆகியிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. ஆகியிருப்பாளா இல்லையா என்று பார்க்கவே எவருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை என்கிறேன். 2024இல் தம்புள்ளையில் இந்தியாவை வென்று நம் நாட்டு மகளிர் அணி ஆசியக் கிண்ணத்தைத் தூக்கியது. பெண்களுக்கு எதற்கு விளையாட்டு என்ற கேள்விக்கு அதற்குப் பிறகும் பதில் தேவையா?

பெரிய அரங்கம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. அருகருகே உள்ள நான்கைந்து தோட்டப் பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு சமதரை. வாரத்தில் இரண்டு நாளாவது வரும் ஒரு பெண் பயிற்றுநர். பயிற்சி முடிந்து பிள்ளைகளை வீடு சேர்க்க ஒரு வாகனம். இவை கிடைத்தால் என் தோழியின் அம்மாவைப் போன்றவர்கள் தடை சொல்லமாட்டார்கள்.

தோட்டத்துக்கு வந்த பாட்டனாரிடமிருந்து மைதானத்தில் நின்ற பேரனை அடைய முரளியின் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை பிடித்தது. லயத்திலேயே தங்கிவிட்ட மற்றக் குடும்பங்களின் பேத்திகள் இன்னும் எத்தனை தலைமுறை காத்திருப்பது? தோழியரே, அடுத்த முறை "நம்ம முரளி" என்று யாராவது பெருமைப்பட்டால், "நம்ம பிள்ளைகளுக்கு மைதானம் எங்கே?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.